தொழில்முறை என்னும் சொல்லும் ராச்செஸ்டரின் லாக்ராஸ் அணியும்

காலனியக் கால விளையாட்டு விதிகளைப் பற்றிய ஆய்வேட்டில் ராச்செஸ்டர் நைட்ஹாக்ஸ் என்னும் அமெரிக்க லாக்ராஸ் அணிக்கு ஏன் ஓர் இயல் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன் என்று சென்ற மாதக் கருத்தரங்கில் நண்பர்கள் கேட்டார்கள். எனக்கு அளிக்கப்பட்டிருந்த 20 நிமிடத்தில் அதற்கு முறையான விடை சொல்ல இயலவில்லை. கேட்டவர்களுக்காகவும், இங்கே தொடர்ந்து வாசிக்கும் ஆசிரியர்களுக்காகவும் மாணவர்களுக்காகவும் அந்த விடையை எழுதி வைக்கிறேன். பதிவு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஐதராபாத்தில் கடந்த சில ஆண்டுகளாக நான் ஆராய்ந்து வருவது 'அமெச்சூர்' என்ற ஒற்றைக் கருத்தை. பொருள் கருதாமல், ஆட்டத்தின் மீதுள்ள அன்பினால் மட்டும் ஆடுபவரே உயர்ந்த ஆட்டக்காரர் என்பதும், காசு வாங்கி ஆடுபவர் ஒரு படி தாழ்ந்தவர் என்பதும் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருப்பெற்ற எண்ணம். கேட்பதற்கு அறம் போலவே ஒலிக்கும். ஆனால் அது யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்று விதிப் புத்தகங்களைப் புரட்டினால் வேறு சித்திரம் கிடைக்கிறது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஹென்லி படகுப் போட்டியை நடத்தியவர்கள் 1879இல் வகுத்த விதிப்படி, கூலிக்குக் கைத்தொழிலோ உடலுழைப்போ செய்தவர் எவரும் அமெச்சூர் ஆகமாட்டார். படகு ஓட்டுவதற்குக் காசு வாங்காதவராக இருந்தாலும் அவர் வாழ்வதற்குக் காசு வாங்கினாரே, அது போதும் விலக்குவதற்கு. இந்த விதி கடல் கடந்து போன இடங்களில் என்ன செய்தது என்பதே என் கேள்வி. லாக்ராஸ் ஆட்டத்தில் அதன் விடை மிகத் தெளிவாகத் தெரிகிறது.

லாக்ராஸை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். நுனியில் வலை பின்னிய நீண்ட கோலால் ஒரு சிறு பந்தை ஏந்தி, ஓடி, வீசி, எதிரணியின் கோல் வலைக்குள் செலுத்தும் ஆட்டம் அது. வட அமெரிக்காவின் தொல்குடிகள் பலரும் பல வடிவங்களில் இதனை ஆடினர். இன்றைய நியூயார்க் மாநிலத்திலும் கனடாவின் ஒன்ராறியோ, கியூபெக் பகுதிகளிலும் வாழும் ஹோடினோஷோனி மக்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கன்று. மோஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனகா, டஸ்கரோரா என்னும் ஆறு தேசங்களின் கூட்டமைப்பே ஹோடினோஷோனி. ஐரோப்பியர் அவர்களை இரோக்வாய் என்று அழைத்தனர். படைத்தவன் மகிழும்படி ஆடப்படும் ஆட்டம் என்றும், நோயுற்றவரைக் குணப்படுத்த ஆடப்படும் மருந்து என்றும் அவர்கள் இதனைக் கருதுகின்றனர். கோலை ஹிக்கரி மரத்தில் செதுக்கி வளைப்பது அவர்களிடையே தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவரும் கலை.

இந்த ஆட்டத்துக்கு நவீன விதிகளை எழுதியவர் மான்ட்ரியாலைச் சேர்ந்த பல் மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ். 1867இல், கனடா ஒரு கூட்டாட்சியாக உருவான அதே ஆண்டில், அவருடைய முயற்சியால் தேசிய லாக்ராஸ் சங்கம் அமைந்தது. புதிய நாட்டுக்குரிய தேசிய ஆட்டம் இதுவே என்று அவர் பரப்பினார். மான்ட்ரியாலுக்கு அருகிலுள்ள கானவாகே ஊரின் மோஹாக் ஆட்டக்காரர்களையும் வெள்ளைக் கனடியரையும் அழைத்துக்கொண்டு 1876இல் பிரிட்டனில் சுற்றுப்பயணம் செய்தார். வின்ட்ஸர் மாளிகையில் விக்டோரியா அரசியின் முன்னிலையிலும் ஆட்டம் நடந்தது. ஆடியவர்கள் மோஹாக்குகள், ஆட்டம் கனடாவுடையது என்று அறிவிக்கப்பட்டது. சங்கத்தின் தொடக்ககால விதிகளுள் ஒன்று, முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் ஒழிய, வெள்ளையர் கழகத்துக்காகத் தொல்குடியினர் எவரும் ஆடலாகாது என்றது. அவர்களுடைய திறமைக்கு அஞ்சியே அந்த விதி எழுதப்பட்டது என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை.

நமக்கும் இந்தக் கதை புதிதன்று. மணிப்பூரின் சகோல் காங்ஜெய் ஆட்டத்தைக் கண்டு பழகிய ஆங்கிலேய அதிகாரிகளும் தேயிலைத் தோட்டக்காரர்களும் 1859இல் சில்சாரில் போலோ கழகம் தொடங்கினர். அங்கிருந்து கல்கத்தா, பின்னர் இங்கிலாந்து. போலோ என்றதும் இன்று செல்வந்தர்களின் புல்வெளிகள் நினைவுக்கு வருகின்றன. இம்பாலின் மாபல் காங்ஜெய்புங் மைதானம் எத்தனை பேருக்கு நினைவு வருகிறது? ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்ள அதற்கு விதி எழுதுவதே போதும் என்பதை அப்போதைய பேரரசு நன்றாக அறிந்திருந்தது.

1880இல் கனடாவின் தேசிய லாக்ராஸ் சங்கம் அமெச்சூர்களுக்கு மட்டுமே உரியதாயிற்று. அந்த விதியில் இனப் பெயர் எதுவும் இல்லை. தொழில்முறை ஆட்டக்காரருக்கு இடமில்லை என்பது மட்டுமே இருந்தது. ஆனால் தங்கள் ஊரிலிருந்து நகரங்களுக்கு வந்து ஆடும் மோஹாக்குகள் பயணச் செலவுக்கு, உணவுக்கு, இழந்த கூலிக்கு ஈடாகக் காசு வாங்கியவர்கள். மான்ட்ரியால் மருத்துவரும் வழக்கறிஞரும் ஒரு பிற்பகலை இலவசமாக ஆட்டத்துக்குத் தரலாம். அன்றாடம் உழைத்து வாழ்பவர் தர முடியாது. ஆகவே ஆட்டத்தைத் தந்த மக்கள், காசு வாங்கியவர்கள் என்ற குற்றத்துக்காகப் பட்டம் வெல்லும் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டனர். 'தொழில்முறை' என்னும் சொல் இங்கே ஒரு வசைச் சொல்லாக நிற்கிறது.

சொல்லின் இரட்டைத்தன்மை விரைவிலேயே வெளிப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக் கனடிய ஆட்டக்காரர்கள் வெளிப்படையாகவே காசுக்கு ஆடத் தொடங்கினர். நியூஸி லலோண்ட் என்பவர் ஐஸ் ஹாக்கியில் ஈட்டியதைவிட லாக்ராஸில் மிகுதியாக ஈட்டினார். 1950இல் அரை நூற்றாண்டின் தலைசிறந்த லாக்ராஸ் வீரர் என்றும் போற்றப்பட்டார். மறுபுறம், 1904இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் கனடாவிலிருந்து சென்ற மோஹாக் அணி மூன்றாமிடம் பெற்றது. அவர்களின் பெயர்கள் பதிவேட்டில் வேடிக்கைப் பெயர்களாகவே எஞ்சியுள்ளன. முகத்தில் மழை, சோப்புக்கு அஞ்சுபவர் என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயர்கள். அவற்றுள் ஒன்று நைட் ஹாக், அதாவது இரவுப் பருந்து. ராச்செஸ்டர் அணியின் பெயரில் உள்ள 'நைட்' வீரமறவனைக் குறிக்கும் வேறு சொல். இரண்டும் ஒலியால் ஒத்திருப்பது தற்செயல்தான். ஆயினும் அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் அப்பெயரில் என் கண் நின்றுவிடுகிறது. பதக்கம் வென்றவர்களின் சொந்தப் பெயரைக்கூட எழுதி வைக்கத் தோன்றாத பதிவேடு அது.

1931இல் ஆட்டத்தின் இன்னொரு வடிவம் பிறந்தது. மான்ட்ரியால் கனேடியன்ஸ் ஹாக்கி அணியின் உரிமையாளர்கள், கோடையில் வெறுமனே கிடந்த பனித்தள அரங்குகளுக்குள் லாக்ராஸைக் கொண்டுவந்தனர். சிறிய களம், அணிக்குக் குறைவான ஆட்கள், சுவரில் மோதித் திரும்பும் பந்து. 'பாக்ஸ் லாக்ராஸ்' என்னும் இவ்வடிவத்தை ஹோடினோஷோனி ஊர்கள் உடனே தமதாக்கிக்கொண்டன. பல்கலைக்கழகங்களும் கழகங்களும் ஆண்ட புல்வெளிக் களத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. இந்தப் பெட்டிக்குள் இருந்தது. 'லோன் ரேஞ்சர்' தொடரில் டோன்டோவாக நடித்து உலகறிந்த ஜே சில்வர்ஹீல்ஸ், நடிகராவதற்கு முன் இப்படி ஆடிப் பெயர் பெற்ற மோஹாக் இளைஞர்தான்.

இனி நைட்ஹாக்ஸ். 1987இல் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் நான்கு அணிகளுடன் ஒரு தொழில்முறை பாக்ஸ் லாக்ராஸ் லீக் தொடங்கியது. இருமுறை பெயர் மாறி இன்று தேசிய லாக்ராஸ் லீக் என்று வழங்கும் அமைப்பு அதுவே. 1995இல் அதனுள் ராச்செஸ்டர் நைட்ஹாக்ஸ் அணி நுழைந்தது. நியூயார்க் மாநிலத்தின் மேற்கில், ஒன்ராறியோ ஏரிக்கரையில் உள்ள நகரம் ராச்செஸ்டர். பழைய செனகா நிலம். 1997இலும் 2007இலும் அணி பட்டம் வென்றது. பெருஞ்செல்வம் புரளும் லீக் என்று எண்ணிவிட வேண்டாம். ஆட்டக்காரர்களுட் பெரும்பாலோர் வார நாட்களில் வேறு வேலை பார்த்து, வார இறுதியில் வந்து ஆடுபவர்கள். பக்கத்து நகரமான பஃபலோவின் அணிக்கு ஆடி, லீக் வரலாற்றிலேயே தலையாய கோல் குவிப்பாளர்களுள் ஒருவராக விளங்கிய ஜான் டவாரெஸ், ஒன்ராறியோவில் பள்ளிக் கணித ஆசிரியராக இருந்தவர். தொழில்முறை என்பது இங்கே வசையன்று. ஒரு நேர்மையான, சிறிய ஊதியம்.

2008இல் நைட்ஹாக்ஸை கர்ட் ஸ்டைரஸ் என்பவர் வாங்கினார். அவர் ஒன்ராறியோவின் கிராண்ட் ஆற்றங்கரையில் உள்ள ஆறு தேசங்களின் ஊரைச் சேர்ந்த மோஹாக். அமெரிக்கப் புரட்சியில் பிரிட்டிஷ் பக்கம் நின்று தாயகத்தை இழந்த ஹோடினோஷோனிகளுக்கு ஈடாக 1784இல் ஹால்டிமண்ட் ஆணைப்படி தரப்பட்ட நிலம் அது. ஆற்றின் இருகரையிலும் ஆறு மைல் அகலத்துக்கு வாக்களிக்கப்பட்டதில் மிகச் சிறு பகுதியே இன்று அவர்கள் வசம் உள்ளது. அந்த மண்ணிலிருந்து வந்த ஒருவர் தொழில்முறை அணி ஒன்றின் உரிமையாளர் ஆனார். அதே ஊரின் கோடி ஜேமிசனை 2010ஆம் ஆண்டின் வீரர் தேர்வில் முதல் ஆளாக அணி எடுத்துக்கொண்டது. அவ்வூரைச் சேர்ந்த தற்காப்பு வீரர் சிட் ஸ்மித் அணித்தலைவராகவும் இருந்தார்.

அடுத்து நிகழ்ந்ததை லீக் அதுவரை கண்டதில்லை. 2012இல் எட்மண்டனையும் 2013இல் வாஷிங்டனையும் வென்ற அணி, 2014இல் கால்கரியைச் சந்தித்தது. முதல் ஆட்டத்தில் தோல்வி, இரண்டாவதில் வெற்றி. அன்றைய முறைப்படி அதே இரவில் 10 நிமிடச் சிறு ஆட்டம் ஒன்றால் பட்டம் முடிவாக வேண்டியிருந்தது. அதில் 3-2 என்று வென்று, தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கோப்பையைக் கைப்பற்றிய முதல் அணியாக நைட்ஹாக்ஸ் ஆயிற்று. அவ்வாண்டு லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது ஜேமிசனுக்குக் கிடைத்தது.

என் இயலின் வாதம் இவ்வளவுதான். 1880இல் 'தொழில்முறை' என்பது ஒரு மக்களை வெளியேற்றப் பயன்பட்ட குற்றச்சாட்டு. நூறாண்டு கழித்து அதுவே அவர்களுட் சிலருக்கு உள்ளே வர வழியமைத்த ஊதியம். 2008க்குப் பின், அம்மக்களுள் ஒருவர் ஊதியம் வழங்கும் இடத்தில் அமர்ந்த உடைமை. ஒரு சொல்லின் மூன்று நிலைகளும் ஒரே ஆட்டத்துக்குள், ஒரே நிலப்பரப்பில் காணக் கிடைக்கின்றன. வெற்றி வரலாறாகவே அணி வரலாறுகள் எழுதப்படுகின்றன. யார் யாருக்குக் காசு கொடுத்தார், அதை யார் இழிவென்றார் என்னும் வரலாறாக இதனை எழுத விரும்புகிறேன்.

இதற்கு என் நெறியாளர் ஒரு தடை எழுப்பினார். அதனை இங்கே மறைக்க விரும்பவில்லை. ஒரு செல்வரின் உடைமை, ஒரு மக்களின் உரிமை ஆகிவிடுமா என்று கேட்டார். ஆகாது என்பதற்கு அணியின் பிற்கால வரலாறே சான்று. 2018இல் ஸ்டைரஸ் அணியைக் கனடாவின் அட்லாண்டிக் கரையிலுள்ள ஹாலிஃபாக்ஸ் நகருக்கு மாற்றப்போவதாக அறிவிக்கப்பட்டது. ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் அங்கே சென்று, 2019-20 பருவத்திலிருந்து ஹாலிஃபாக்ஸ் தண்டர்பேர்ட்ஸ் ஆயினர். நைட்ஹாக்ஸ் என்ற பெயரும் சின்னமும் ராச்செஸ்டரிலேயே நின்றன. அவற்றைத் தாங்கிய புதிய அணி, இயற்கை எரிவாயுத் தொழிலில் பெருஞ்செல்வம் சேர்த்த பெகுலா குடும்பத்துக்கு உரியதாயிற்று. பக்கத்திலுள்ள பஃபலோ அணியும் அவர்களுடையதே. பெயர் ஓரிடத்தில், ஆட்கள் ஓரிடத்தில்.

அப்படியானால் ஐந்து கோப்பைகளின் வரலாறு எங்கே இருக்கிறது? ஐதராபாத்தில் வாழ்பவருக்கு இக்கேள்வியை விளக்கத் தேவையில்லை. 2009இல் ஐபிஎல் பட்டம் வென்ற டெக்கான் சார்ஜர்ஸ் 2012இல் நீக்கப்பட்டு, அதே நகரத்துக்கு சன்ரைசர்ஸ் என்ற புதிய அணி வந்தது. 2009இன் கோப்பை சன்ரைசர்ஸின் கணக்கில் சேராது. என் விடுதி நண்பர்கள் சிலர் இன்றும் அதைத் தம் நகரத்தின் கோப்பை என்றே சொல்கிறார்கள். வேறு சிலர் அது இறந்துபோன ஓர் அணியின் சொத்து என்கிறார்கள். சட்டம் ஒன்றைச் சொல்லும், நினைவு இன்னொன்றைச் சொல்லும். ராச்செஸ்டரின் பார்வையாளருக்கும் இதே நிலைதான். ஆனால் ஹோடினோஷோனி நோக்கில் பார்த்தால் கேள்வி சற்று மாறுகிறது. நகரமும் பெயரும் லீக்கும் தோன்றுவதற்கு முன்பிருந்தே அவர்களிடம் உள்ளது ஆட்டம். அணி என்பது அதனை ஏந்திச் செல்லும் பல கலங்களுள் ஒன்று. கலம் உடையலாம், கைமாறலாம். எனவே நெறியாளரின் தடையை ஏற்றுக்கொண்டே சொல்கிறேன்: உடைமை உரிமையாகாது, ஆயினும் காசு வாங்கியதற்காக விலக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல் ஒருவர் காசு கொடுப்பவராக நின்ற பத்தாண்டு, அந்தப் பழைய விதியின் பொய்யை எவருடைய வாதத்தையும்விடத் தெளிவாகக் காட்டியது.

இந்த ஆய்வில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. சில மாதங்களுக்கு முன் வடமாநில நிறுவனம் ஒன்று என்னை உரையாற்ற அழைத்தது. பயணச் செலவு பற்றிக் கேட்டு எழுதினேன். துறை மீது உண்மையான ஆர்வம் உள்ள இளம் ஆய்வாளர்களையே தாங்கள் எதிர்பார்ப்பதாகப் பண்பான மொழியில் பதில் வந்தது. நான் போகவில்லை. உதவித்தொகை வர மாதக்கணக்கில் தாமதமாகும் ஒரு விடுதியறையில் அமர்ந்து அந்தக் கடிதத்தைப் படித்தபோது, 1880இன் விதி எனக்கு ஆவணக் காப்பகத்துப் பழம்பொருளாகத் தோன்றவில்லை. ஆர்வம் இருந்தால் காசு கேட்கமாட்டாய், காசு கேட்டால் ஆர்வம் இல்லை என்னும் அதே தருக்கம். கல்லூரிகளில் மணிக் கணக்குக்கு ஊதியம் பெற்று, விடுமுறை மாதங்களில் அதுவும் இன்றிக் கற்பிக்கும் கௌரவ விரிவுரையாளர்களிடம் 'அர்ப்பணிப்பு' பற்றிப் பேசுவோர் பயன்படுத்துவதும் அதுவே. அன்பினால் மட்டும் ஒரு வேலையைச் செய்வது உயர்ந்தது என்போர், அப்படிச் செய்ய யாருக்கு வசதி இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அமெச்சூர் விதிகளால் இந்த நாட்டிலும் பிற நாடுகளிலும் வடிகட்டப்பட்டவர்களின் பட்டியலைத் தொகுக்கும்போது, அதில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளையும் சேர்த்தே எண்ணுகிறேன்.

விளையாட்டில் அமெச்சூர் விதி இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. வெளியேற்றும் விதிகள் மறையவில்லை. 1983இல் ஹோடினோஷோனிகள் தமக்கென ஒரு தேசிய அணியை அமைத்தனர். 1990இல் பெர்த்தில் நடந்த உலகப் போட்டியில் தம் சொந்தக் கொடியின் கீழ் ஆடினர். 2010இல் மான்செஸ்டர் போட்டிக்குத் தம் கூட்டமைப்பின் கடவுச்சீட்டுடன் புறப்பட்டபோது பிரிட்டன் அதனை ஏற்க மறுத்தது. அமெரிக்க, கனடியக் கடவுச்சீட்டில் செல்வதைவிடச் செல்லாமலிருப்பதே மேல் என்று அணி நியூயார்க்கிலேயே நின்றுவிட்டது. 134 ஆண்டுகளுக்கு முன் அவர்களை அரசியின் முன் ஆடவைத்த அதே நாடு. 2023இல், 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் லாக்ராஸ் சேர்க்கப்பட்டது. தேசிய ஒலிம்பிக் குழு உடைய நாடுகளே அங்கே ஆடலாம் என்பது விதி. 1880இன் விதியைப் போலவே இதிலும் எந்த மக்களின் பெயரும் இல்லை. இதனால் வெளியே நிற்க நேர்வதும் அதே மக்கள்தான்.

ஆகவே, இந்த இயலுக்கு 'முடிந்துபோன வரலாறு' என்ற தொனி வந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருக்கிறேன். விளையாட்டு, தொல்குடி உரிமை, அறிவுழைப்பின் ஊதியம் ஆகியவற்றுள் எதனைப் பற்றியும் ஆராயும் நண்பர்கள் எதிர்வாதங்களை எழுதினால் நன்றியுடையவனாவேன். குறிப்பாக, இந்திய விளையாட்டுக் கழகங்களின் பழைய விதிப் புத்தகங்களில் 'தொழில்முறை' என்ற சொல் எந்தெந்தப் பொருளில் ஆளப்பட்டிருக்கிறது என்று பார்த்தவர்கள் இருந்தால், அவர்களுடைய குறிப்புகள் எனக்குப் பெரிதும் உதவும்.